குலை வெட்டுபவர் போட்ட 6

இடுப்பு நோவோடு மாதக்கணக்கில் எம்.சி.யில் இருந்த செம்பனைத் தொழிலாளி நம் முன் வந்து உட்கார்ந்தால், நம்மில் பலர் முதலில் எடுப்பது கோர்டன் வாடெல் குழுவினர் 1993இல் வெளியிட்ட அச்ச-தவிர்ப்பு வினாத்தாளைத்தான். மொத்தம் 16 கூற்றுகள். வேலை குறித்த பிரிவில் மதிப்பெண் சேர்பவை 7, உச்சம் 42. வலியின் கடுமையைக் கழித்துப் பார்த்த பிறகும், வேலைக்குப் போகாமல் இருப்பதில் காணும் வேறுபாட்டில் 26 விழுக்காட்டை இந்த நம்பிக்கைகள் விளக்கின என்று அந்த ஆய்வு காட்டியது. நல்ல கருவிதான். ஆனால் பண்டார் பாரு தோட்டங்களில் அதன் எண்ணை அப்படியே நம்பிவிட முடியாது.

'என் வேலை எனக்கு மீறிய பளு' என்ற பொருளில் அதில் ஒரு கூற்று வரும். நீண்ட குழாயின் முனையில் அரிவாளைப் பொருத்தி, அண்ணாந்து மட்டையை அறுத்து, 20 கிலோவை எட்டும் குலையைக் கம்பியால் குத்தித் தள்ளுவண்டியில் ஏற்றுபவர் அதற்கு உச்சமான 6 போட்டால், அவர் சொல்வது வேலை விவரம். கூலிம் ஹைடெக் பார்க்கில் உட்கார்ந்து மின்சுற்றுப் பலகை பரிசோதிக்கும் அவர் மகள் போடும் 6 வேறு. மகளோடு பயத்தைப் பேசலாம். அப்பாவுக்காக மண்டோரிடம் பேச வேண்டும்.

மண்டோரிடம் பேசினால் 'லைட் டியூட்டி' கொடுப்பார், உதிரிப் பழம் பொறுக்க. நாள் முழுக்கக் குனிந்தே செய்யும் வேலை! எம்.சி.யில் எது முடியும், எது முடியாது என்று நாம் எழுதாதவரை இப்படித்தான் நடக்கும்.

வீண் பயமும் உண்டு. அதில் பெரும்பங்கு நம் வாயிலிருந்து போனது. "ஜவ்வு விலகிருச்சு, எலும்பு தேஞ்சிருச்சு, இனிமே கனம் தூக்காதீங்க." வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் சுமார் 80 விழுக்காட்டினருக்கு முதுகு வட்டுத் தேய்மானம் படத்தில் தெரியும் என்று பிரின்ஜிக்ஜி குழுவின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறுகிறது. இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் காட்டி அனுப்புகிறோம். பண்டார் பாரு மூன்று மாநிலங்கள் கூடும் மூலை. கெரியான் ஆற்றைத் தாண்டினால் பாரிட் புந்தார், பக்கத்தில் நிபோங் திபால், இந்தப் பக்கம் கூலிம். ஆளுக்கொரு டாக்டர், ஆளுக்கொரு எச்சரிக்கை. வீட்டில் நிற்பது அவற்றுள் கடுமையானதுதான். அதற்குப் பிறகு மனைவி தண்ணீர் வாளியைக்கூடத் தொட விடுவதில்லை.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997இல் முதுகுவலிக்காரர்களைப் படுக்க வைக்காதீர்கள் என்று தொலைக்காட்சி விளம்பரம் செய்தது. பொதுமக்களின் எண்ணம் மாறியதை விட, மருத்துவர்களின் எண்ணமும் சேர்ந்து மாறியதே நமக்குப் பாடம்.

சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ 2007 முதல் வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்திவருகிறது. அத்திட்டத்தின் நிர்வாகி நேரில் வந்து முதலாளியிடமும் பேசுவார். நல்ல ஏற்பாடு. ஆனால் அதே தொழிலாளி மருத்துவ வாரியத்தின் முன் தன் இழப்பையும் நிறுவ வேண்டும். மதிப்பீடு 20 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் மொத்தத் தொகையாகவே வாங்கி முடித்துக்கொள்ளலாம். தேறிவிட்டேன் என்று ஓரிடத்தில், தேறவில்லை என்று இன்னோரிடத்தில் சொல்ல வேண்டியவரை 'நடிக்கிறார்' என்று நம் சகாக்கள் சிலர் குறிப்பெழுதுவது எனக்கு உவப்பாக இல்லை.

படிப்படியாகத் திரும்பச் சொல்கிறோமே, அதன் கணக்கையும் பார்ப்போம். வேலை விபத்தால் விடுப்பில் இருக்கும் நாளுக்குத் தற்காலிக இயலாமைத் தொகை, சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு. வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கிய நாளுக்கு அது கிடையாது. வெட்டிய எடைக்குக் கூலி வாங்குபவர் முதல் வாரங்களில் பாதிதான் வெட்டுவார். அந்த மீதிப் பாதியை யார் கொடுப்பது என்று தோட்ட நிர்வாகத்திடம் நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?