சிறு பந்தயமும் பெருங் கணக்கும்

"சிறு தொகைதானே, போனாற் போகட்டும்" என்னும் சொல் ஒலியாத வீடு இல்லை. அண்மையில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இணையவழிப் போக்கர்ச் சீட்டாட்டத்தைப் பற்றி நம்மிடம் இதே சொல்லைச் சொன்னார். கை நிறைவுறாது ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும்போது, எதிராளி பெருந்தொகை கேட்குமுன் தாமே முந்திச் சிறு பந்தயம் வைத்துவிடுவாராம். அதனால் அடுத்த சீட்டை மலிவாகக் காணலாமாம். ஆயினும் மாதமுடிவில் பணம் கரைந்துவிடுகிறதாம். அவர் உபாயத்தைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம்.

இவ்வாட்டத்தில் ஒவ்வொருவரிடமும் இரு சீட்டுகள் மறைவாக இருக்கும். மேசையில் ஐந்து பொதுச் சீட்டுகள் படிப்படியாகத் திறக்கப்படும். ஓர் இனத்திற் சீட்டுகள் ஐந்து சேர்ந்தால் அது வலிய கை. நம்மிடம் இரண்டு ஆட்டின். திறந்த நான்கு சீட்டுகளில் இரண்டு ஆட்டின் என்று கொள்வோம். 52 சீட்டுகளில் நாம் கண்டவை 6, காணாதவை 46. அவற்றுள் எஞ்சிய ஆட்டின் 9. ஆகவே 46 தடவைகளில் 9 தடவை வெற்றி. 37 தடவை தோல்வி.

மேசையில் 100 ரூபா கிடக்க, எதிராளி மேலும் 100 ரூபா வைக்கிறார். நாமும் 100 ரூபா கொடுத்தால், 9 வெற்றிகளில் 1,800 ரூபா வரவு. 37 தோல்விகளில் 3,700 ரூபா செலவு. அது நட்டம். நாமே முந்தி 20 ரூபா வைத்து, அவரும் 20 ரூபா வைத்தால், வரவு 1,080, செலவு 740. இலாபம் 340 ரூபா. மாணவர் சொன்னது இதுவரையிற் சரியே.

இனி மறுபக்கம். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம், வென்றவர் எவராயினும், மேசைப் பணத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அது நூற்றுக்கு ஐந்து என்றால், 340 ரூபா 277 ஆகச் சுருங்கும். எதிராளி நமது 20 ரூபாவைக் கண்டு பந்தயத்தை 100 ரூபாவாக உயர்த்தினாலோ, மேலும் 80 ரூபா கொடுப்பது கட்டாது. 20 ரூபாவைக் கைவிட்டு எழவேண்டியதே. நான்கு தடவைக்கு ஒரு தடவை அவர் அவ்வாறு செய்தாலே, எஞ்சிய இலாபமும் மறைந்து நட்டம் தலைகாட்டும். சிறு பந்தயத்துக்கு அஞ்சி எதிராளி விலகிவிடுவார் என்று நம்பவும் இயலாது; சிறு தொகை ஆட்டங்களில் அவருக்கும் அது "சிறு தொகைதானே"!

1654ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கலும் பேர்மாவும், இடையில் நின்றுபோன சூதாட்டத்தின் பந்தயப் பணத்தைப் பங்கிடும் முறையைக் கடிதங்கள் மூலம் ஆராய்ந்தனர். நிகழ்தகவுக் கணிதம் வளர்ந்தது அவ்வாராய்ச்சியிலிருந்தே. இன்னும் நிகழாத ஒன்றுக்கும் இன்றே விலை கணிக்கலாம் என்று அவர்கள் காட்டினர்.

மாணவரின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தோம். வென்ற தொகைகள் யாவும் நாள்தவறாமற் பதியப்பட்டிருந்தன. கைவிட்ட இருபது ரூபாக்களுள் ஒன்றேனும் அங்கில்லை. "இவற்றையும் எழுதி வாரும், பின்னர் பேசுவோம்" என்றோம். இரு வாரங்கள் கழித்து வந்தவர், கூட்டுத்தொகையைக் காட்டித் தலைகுனிந்து நின்றார். அது அவரது ஒரு மாத உணவுச் செலவுக்குச் சமமாயிருந்தது.

சிறு செலவு தீதன்று. எழுதப்படாத சிறு செலவே தீது.