தந்தையின் குடியும் குழந்தையின் அமானிதமும்

மது மலிந்த காரைக்கால் வட்டாரத்தில், கோட்டுச்சேரியிலிருந்து இதை எழுதுகிறோம். தந்தை குடிக்கு அடிமையானால், பிள்ளையைக் காப்பகத்தில் சேர்ப்பதே தீர்வென்று பலர் எண்ணுகின்றனர். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ காப்பகத்தை இறுதி வழியாகவே கருதுகிறது.

அமெரிக்காவில் இதற்கெனக் குடும்பச் சிகிச்சை நீதிமன்றங்கள் உள்ளன. போதையால் பிள்ளையைப் பேணத் தவறியவர், சிகிச்சைக்கு மனமுவந்து இசைந்தால் சேரலாம். நீதிபதி அடிக்கடி அழைத்து அவரது முன்னேற்றத்தை ஆராய்வார்.

இங்கே முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. சிகிச்சைக்கு இசையும் தந்தைக்கு ஜமாஅத் துணைநின்று, அக்குழுவிடம் பொறுப்பேற்க வேண்டும் என்கிறோம்.

ஆனால், குழந்தை அடிபடும் வீட்டில் மானம் கருதி மௌனம் காப்பது ஹராமான துணைபோதலே. உடனே 1098 எண்ணை அழையுங்கள். தவ்பாவின் வாசல் தந்தைக்குத் திறந்திருக்கிறது. அதுவரை குழந்தை பாதுகாப்பாக இருக்கட்டும்.