உதவிக் கச்சேரியும் காமிராவும்

"ஹிப் ஹாப்" என்ற பெயரைக் கேட்டதும் நம் நேயர்களில் பெரியவர்கள் சிலர் நெற்றியைச் சுருக்குவார்கள். அதே வீட்டிலுள்ள கல்லூரி மாணவரோ நிமிர்ந்து உட்காருவார். இந்த வாரம் இரு சாராரையும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார வைத்துப் பேசுவதாக உத்தேசம். அந்தச் சங்கீதம் நல்லதா, கெட்டதா என்ற தர்க்கத்தில் நாம் இறங்கப் போவதில்லை. தர்ம காரியத்துக்காக நடக்கும் அத்தகைய கச்சேரி ஒன்றைப் படம் பிடிக்கப் போகிறவர் எதைப் பிடிக்க வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதே கேள்வி.

பொதுக் காரியத்துக்குப் பாடிப் பணம் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. 1944-ம் வருஷம் கஸ்தூரிபா ஞாபகார்த்த நிதிக்காக ஸ்ரீமதி எம். எஸ். சுப்புலக்ஷ்மி ஐந்து கச்சேரிகள் செய்தார். அதன் பிறகும் எத்தனையோ நற்காரியங்களுக்குப் பாடிக் கொடுத்தார். 1974-ல் அவருக்கு மக்ஸேஸே பரிசு கிடைத்தபோது, அது பொதுத் தொண்டுக்கென்றே அளிக்கப்பட்டது. சங்கீதமும் தர்மமும் நம் நாட்டில் நெடுநாளைய உறவினர்கள்.

ஹிப் ஹாப் கதையும் ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பமாகிறது என்றால் பெரியவர்கள் ஆச்சரியப்படுவார்கள். 1973-ம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் நம்பர் அடுக்குக் குடியிருப்பில், குடித்தனக்காரர்களின் பொதுக் கூடத்தில் ஒரு விருந்து நடந்தது. அதை ஏற்பாடு செய்தவள் சிண்டி காம்பெல் என்ற பெண். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம். புது உடுப்பு வாங்கக் கையில் பணம் வேண்டும். பெண்களுக்குக் கால் டாலர், ஆண்களுக்கு அரை டாலர் என்று அநுமதிக் கட்டணம் வைத்தாள். இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் அவளுடைய தமையனார் கிளைவ் காம்பெல். 'கூல் ஹெர்க்' என்ற பெயரில் பிற்பாடு உலகப் பிரசித்தி அடைந்தவர் அவர்தான். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை இரண்டு யந்திரங்களில் வைத்து, தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் இடம் ஒன்றில் முடிந்ததும் மற்றொன்றில் ஆரம்பித்து, அந்தச் சில விநாடித் தாளத்தை நிமிஷக் கணக்கில் நீட்டுவது அவருடைய வித்தை. அந்தத் தாளத்தின்மேல் எதுகையும் இயைபுமாகச் சொற்களைப் பொழிவதே 'ராப்' ஆயிற்று. நம் லாவணியை ஒரு தரமாவது கேட்டவர்களுக்கு இது அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்தக் கூடத்தில் கொடுப்பவர் வேறு, வாங்குபவர் வேறு என்ற பேதமே இல்லை. பணம் வேண்டியவர்களே ஆடிப் பாடிப் பணம் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் அக்காலத்துப் பிராங்க்ஸை வெளி உலகம் எப்படிப் பார்த்தது? தீப்பற்றி எரிந்த வீடுகளையும் இடிந்த சுவர்களையுமே பத்திரிகைகள் பிரசுரித்தன. 1977 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் தெருவின் இடிபாடுகளுக்கிடையே நடந்தார். அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. பிராங்க்ஸ் என்றால் செங்கற் குவியல் என்பது ஸ்தாபிதமாகி விட்டது.

அதே ஊரில், தெற்குப் பிராங்க்ஸ் உயர்தரப் பள்ளியில் ஜோ கான்ஸோ என்றொரு மாணவன் இருந்தான். அவனும் கையில் ஒரு காமிராவுடன் அலைந்தான். தன் பள்ளித் தோழர்களில் சிலர் சேர்ந்திருந்த 'கோல்ட் கிரஷ் பிரதர்ஸ்' என்ற ராப் கோஷ்டியை, அவர்கள் பாடிய இடங்களுக்கெல்லாம் போய்ப் படம் எடுத்தான். வேர்வை சொட்டப் பாடும் முகங்கள், ஜோராக உடுத்திக்கொண்டு நிற்கும் பிள்ளைகள், கை தூக்கி ஆரவாரிக்கும் கூட்டம் - இவையே அவனுக்கு அகப்பட்டவை. இன்று அப்படங்கள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சரித்திர ஆதாரமாகப் பாதுகாக்கப்படுகின்றன. செங்கல்லைப் படம் பிடிக்க வெளியூரிலிருந்து அநேகர் வந்தார்கள். மனிதர்களைப் படம் பிடிக்க உள்ளூர்ப் பையன் ஒருவன் வேண்டியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் சற்றுத் திரும்புவோம். 2024 ஜூன் மாதத்தில், மெதனால் கலந்த கள்ளச் சாராயத்தால் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலுமாக அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாக மூட்டிய சிதைகளின் படத்தைப் பார்க்காதவர் நம்மில் யார்? அந்தக் கோமுகி இறங்கி வருகிற கல்வராயன் மலையோ, சாராய ஊறலைக் கொட்டி அழிக்கும் போலீஸ் படங்களின் மூலமே பலருக்கு அறிமுகமாகியிருக்கிறது. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டுப் பிழைக்கும் மலை அது. தேசம் சுதந்திரமடைந்து 29 வருஷங்கள் கழித்து, 1976-ல்தான் அங்கே ஜாகீர் ஆட்சி ஒழிந்தது. அவர்களுடைய வாழ்க்கை வசதிகளைப் பற்றி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்க வேண்டி வந்தது. துயரம் மெய், படங்களும் பொய்யல்ல. எனினும் ஓர் ஊருக்குச் சிதையும் ஊறலும் மட்டுமே முகமாகிவிட்டால், அவ்வூர்ப் பிள்ளை வெளியூர்க் கல்லூரியில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லக் கூசுவான். எந்த நிதியைக் கொண்டும் ஈடு செய்ய முடியாத நஷ்டம் அது.

கள்ளக்குறிச்சி வாலிபர்கள் சிலர், வெள்ளிமலைப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்காக, ஒரு சமுதாயக் கூடத்தில் ராப் கச்சேரி நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடக்கக்கூடாத காரியமல்ல. தமிழ் ராப் மலேசியாவில் யோகி பி கோஷ்டியாரின் 'வல்லவன்' இசைத் தொகுதியுடன் 2006-லேயே கொடி கட்டிவிட்டது. கோயம்புத்தூர் 'ஹிப்ஹாப் தமிழா'வின் பாட்டு நம் தெருக்களில் ஒலிக்கிறது. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கோஷ்டியார், கானாவையும் ராப்பையும் பறையையும் சேர்த்துப் பெருங்கூட்டத்தின் முன் பாடினார்கள். கோட்டும் சூட்டும் அணிந்து அவர்கள் மேடையில் நின்ற கம்பீரமே, எங்களை இப்படிப் பாருங்கள் என்று காமிராவுக்கு இட்ட கட்டளை போலிருந்தது.

அந்தச் சமுதாயக் கூடத்துக்குக் காமிராவுடன் போகும் இளைஞருக்கு நல்ல வழிகாட்டி நம் தேசத்திலேயே இருக்கிறார். காந்தி மகானின் உறவுப் பேரன் ஸ்ரீ கனு காந்தி, 1930-களின் பிற்பகுதியில், மகாத்மாவைப் படம் எடுக்க அநுமதி பெற்றார். நிபந்தனைகள் மூன்று: மின்வெட்டு விளக்குப் போடலாகாது, இப்படி நில், அப்படித் திரும்பு என்று சொல்லலாகாது, படச் செலவுக்கு ஆசிரமத்துப் பணத்தை எதிர்பார்க்கலாகாது. இம்மூன்றும் உதவிக் கச்சேரிக்கென்றே எழுதி வைத்தவை போலில்லையா?

மின்வெட்டு விளக்கு பாடகர் கண்ணைக் கூச வைக்கும். மேடை ஒளியின் அழகையும் அழிக்கும். அது இல்லாமல் எடுப்பதற்குக் கண்ணாடித் துவாரத்தை அகலத் திறந்து, காமிராவின் ஒளி உணர்ச்சியைக் கூட்டி வைத்தால் போதும். படத்தில் பொடி பொடியாகப் புள்ளி விழுந்தால் விழட்டும். துள்ளி ஆடும் பாடகரை அசைவின்றிப் பிடிக்க விநாடியில் 250-ல் ஒரு பங்கு வேகம் நல்லது. ஆனால் நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று ஆகையால், மண்டபத்து விளக்குகள் பல விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. படத்தில் கறுப்புப் பட்டைகள் விழுந்தால் வேகத்தை நூறில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். கை சற்றுக் கலங்கித் தெரியும், அதனால் பாதகமில்லை. கை சும்மா இருந்தால் அது ராப் அல்ல! பாடகர் ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்தி வாயருகே பிடிப்பதால் நேர் எதிரே நின்றால் முகம் பாதி மறையும். ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, ஓர் அடி முடிந்து அவர் மூச்சு வாங்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் மிகக் கடினம். கச்சேரி முடிந்ததும் பிரமுகர் ஒருவர் மேடையேறுவார், மலைக் கிராமத்துக் குழந்தை ஒன்றை அழைத்து, நோட்டுப் புத்தகத்தின் ஒரு முனையை அதன் கையிலும் மறு முனையைத் தம் கையிலும் வைத்துக்கொண்டு, "எங்கே, இங்கே பாரம்மா!" என்பார். அந்தச் சமயத்தில் காமிராவைப் பைக்குள் வைத்துக்கொள்வது சிறந்த தேர்ச்சி. ஐந்து ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கிய கூலிக்காரரும், பின் வரிசையில் பேத்தியுடன் வாய் பிளந்து கேட்கும் பாட்டியும் படமாகட்டும். பாட்டு எழுதி வந்த மலைப் பிள்ளை ஒலிவாங்கியைப் பிடித்திருந்தால், அதற்கு மேல் என்ன படம் வேண்டும்?

"துன்பத்தைக் காட்டாவிட்டால் பணம் எப்படி ஐயா வரும்?" என்று காரியதரிசிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1971 ஆகஸ்டு 1-ந் தேதி, பண்டிட் ரவி சங்கரின் வேண்டுகோளின் பேரில் ஜார்ஜ் ஹாரிஸன் நியூயார்க்கில் வங்காள தேசத்துக்காக நடத்திய கச்சேரியின் இசைத்தட்டு உறையில், எலும்பும் தோலுமான ஒரு குழந்தையின் படமே இருந்தது. கடல் கடந்த தேசத்தில், வங்காளம் எந்தத் திசையில் இருக்கிறதென்றே அறியாதவர்களுக்கு அந்தப் படம் தேவையாயிருந்தது. கள்ளக்குறிச்சிக் கூடத்திலோ, கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே சந்தைக்குப் போகிறவர்கள். நாளை அந்தக் குழந்தை அதே பஸ்ஸில் ஏறும். அதே ஊரில் வேலை தேடும். அதன் கையேந்திய படம் சுவரில் தொங்கினால் அதற்கு என்ன மதிப்பு மிஞ்சும்?

மூன்றாவது நிபந்தனையோ பணத்தைப் பற்றியது. தர்மப் பணத்தில் படச் செலவு ஏறக்கூடாது. மறுநாள் அந்த இளைஞர் இன்னும் ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும்: வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, பள்ளிக்குச் சேர்ந்தது இவ்வளவு என்று கூடத்து வாசலில் ஒட்டிய கணக்குத் தாளின் படம். கச்சேரிப் படங்களிலேயே அரிதானது அதுதான்!

பிறகு நல்ல படங்களாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கிக் காகிதத்தில் அச்சிட்டு, மலைக்கு எடுத்துப் போய், படத்திலுள்ளவர்களிடமே கொடுத்து வரட்டும். சேர்ந்த நிதி ஒரு வருஷத்துக்குள் நோட்டும் உடுப்புமாகக் கரைந்து போகும். வெள்ளிமலையில் ஒரு வீட்டுச் சுவரில், ஒலிவாங்கியைப் பிடித்துத் தலை நிமிர்ந்து நிற்கும் பிள்ளையின் படம் மட்டும் வெகு காலம் இருக்கும்.