தோல் உள்ளே! தோள் வெளியே!

பள்ளி விழாவிலே பறை முழங்குகிறது. பிள்ளைகள் துள்ளுகின்றனர், பெற்றோர் களிக்கின்றனர், தலைமை தாங்கியவர், "தமிழனின் ஆதி இசை!" என்று தழுதழுக்கிறார். பொன்னாடையும் உண்டு, புகைப்படமும் உண்டு. மறுவாரம் ஊர்ப் பெரியவர் வீட்டிலே சாவு. சேரிக்குப் போகிறது உத்தரவு: "கொட்டடிக்க ஆள் அனுப்பு!" பள்ளியிலே கலைஞன்; ஊரிலே கையாள்! இந்த இரட்டை வேடம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

2022 முதல் தமிழக அரசு பள்ளிகளிலே கலைத் திருவிழா நடத்துகிறது. நாட்டுப்புறக் கலைக்கு அங்கே இடமுண்டு. வரவேற்கிறோம். கரும்பும் ஆலையுமாக வாழும் எங்கள் நெல்லிக்குப்பத்துப் பிள்ளைகளும் பறை கேட்டு ஆடட்டும். ஆனால், ஓசையை மட்டும் ஊட்டிவிட்டு, அதனுள் உறைந்திருக்கும் வரலாற்றை ஒளிப்பது கல்வியாகுமா?

அந்த வரலாற்றைத் தேடித் தொலைதூரம் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்திலேதான் இருக்கிறது சிதம்பரம். நந்தன் கதையைப் பெரியபுராணத்திலே சேக்கிழாரே கூறுகிறார். கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும் கொடுத்தவன் நந்தன். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவன் நந்தன். அவன் தந்த தோல் கருவறை அருகே முழங்கிற்று. அதைச் சுமந்து வந்த தோளோ வாயிலுக்கு வெளியே நின்றது! தோலுக்கு இல்லாத தீட்டு தோளுக்கு எங்கிருந்து வந்தது? தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவனாக எழுந்த பிறகன்றோ தில்லை அவனை ஏற்றது! பக்தியின் பெருமை என்பர் பக்தர். சாதியின் கொடுமை என்போம் நாம்.

"சாவு மேளம் பள்ளிக்கு எதற்கு?" என்று முகஞ்சுளிப்போர் உளர். சாவோடு மட்டும் அதைப் பிணைத்தவர் யார்? நிலந்தோறும் உரிய கருப்பொருள்களிலே பறையையும் ஒன்றாக வைத்தது தொல்காப்பியம். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்துக்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று வகுத்தனர் இலக்கண நூலோர். அறுவடைக்கும் மீன் வேட்டைக்கும் முழங்கிய கருவி அது! மாங்குடி கிழாரின் புறப்பாட்டு, சிறந்த குடிகள் என எண்ணிய நான்கிலே பறையனும் ஒருவன். பெருமைக்குரிய குடியைத் தீண்டாக் குடியாக்கியது இசையா? இல்லை, சாதி!

"இழிவின் சின்னம் அது, எரிப்போம்" என்று சேரி இளைஞர் சிலர் பறையைக் கொளுத்தியதும் உண்டு. அவர்கள் கொளுத்தியது கலையை அன்று, கட்டாயத்தை! அதே பறையைத் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் கையில் ஏந்தி, விடுதலைக் குரலாக்கினர். 2007-இல் சென்னை சங்கமம் அதைப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் கொண்டுவந்தது. 2025-இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருது மகிழ்ச்சிதான். ஆனால் ஒருவர் மார்பில் பதக்கம் மின்னுவதால், ஓராயிரம் பேர் முதுகிலிருந்து சுமை இறங்கிவிடுமா?

ஆசிரியத் தோழர்களே! பரதம் என்றதும் வகுப்பிலே எந்தப் பிள்ளையைத் தேடுகிறோம்? பறை என்றதும் எந்தப் பிள்ளை பக்கம் நம் கண் திரும்புகிறது? அந்தக் கண்ணோட்டத்திலே ஒளிந்திருக்கிறது மனு! எல்லாத் தெருப் பிள்ளைகளின் கையிலும் கொடுங்கள் அடிக்குச்சியையும் சிண்டுக்குச்சியையும். கலைஞரை மேடைக்கு அழைத்தால் அழைப்பிதழிலே பெயரைப் போடுங்கள். கச்சேரி வித்துவானுக்குத் தரும் மதிப்போடு ஊதியம் தாருங்கள். நந்தன் வெளியே நின்ற கதையை மறைக்காமல் பாடமாகச் சொல்லுங்கள்.

இளைஞர்களே! உங்கள் ஊரிலே எவரையும் மிரட்டிப் பறையடிக்க வைக்காதபடி காவல் நில்லுங்கள். பட்டியல் இனத்தவரைக் கட்டாய வேலை வாங்குவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரும்பினால் முழக்குவான், விரும்பாவிட்டால் மறுப்பான். அந்த உரிமை இருந்தால்தான் அது கலை, இல்லையேல் அடிமைத்தொழில்!

பறை என்ற சொல்லுக்கே 'சொல்' என்று பொருளுண்டு. பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஊரின் காதிலே உரக்கச் சொல்லுங்கள்!