கேரியரைக் காணோம்

பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டு, புதுசு போல ஆக்கிய அப்பாவின் ஆர்எக்ஸ் 100-ஐ காட்டூர் மெயின் ரோட்டில் இருக்கும் பழைய பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். இருபது வருஷம் அந்த வண்டியைப் பார்த்த மெக்கானிக் அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பாராட்டுவார் என்று நின்றேன்.

"என்ன தம்பி, ஆக்ஸிடென்ட்டா?"

அவர் கிண்டல் செய்யவில்லை. முழு பெயின்ட் அடித்த வண்டி அவர் பட்டறைக்கு வருவதென்றால் அது எங்கேயோ மோதிய வண்டிதான். அடுத்ததாக, "கேரியர் எங்க?" என்றார்.

அப்பா துவாக்குடியில் பாய்லர் உதிரிபாகம் செய்யும் ஒரு ஷெட்டில் வெல்டர். ராடு டப்பாவையும் கட்டிங் டார்ச்சையும் வைத்துக் கட்ட, மிச்ச இரும்பில் அவரே ஒரு கேரியர் செய்து வண்டியில் பற்றவைத்திருந்தார். அகலமான, அசிங்கமான கேரியர். நான் வேலை பார்க்கும் ஊரில் ரெஸ்டோரேஷன் செய்து தரும் கடையில் "ஒரிஜினலா பண்ணிரலாம் சார்" என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஒரிஜினல் ஆர்எக்ஸ் 100-ல் அந்தக் கேரியர் கிடையாது. அறுத்து எடுத்து பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். கேட்டபோது, "அது கம்பெனி பார்ட் இல்லியே சார்." தப்பு அவர்களுடையது மட்டும் இல்லை. அந்த 'ஒரிஜினல்' என்ற வார்த்தைக்குக் காசு கொடுத்தவன் நான்.

இந்தக் கட்டுரை அந்த வார்த்தையோடு ஒரு சண்டை.

அமெரிக்காவில் 'ராட் ராட்' என்று ஒரு வகை கார் உண்டு. 1932-ல் ஃபோர்டு சாதாரண ஆள் வாங்கும் விலையில் வி8 இன்ஜின் கொடுத்தது. பழசான அந்தக் கார்களை இளைஞர்கள் மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, வேகமாக ஓட்டினார்கள். அதுதான் ஹாட் ராட். கொஞ்ச காலத்தில் ஹாட் ராடுக்கு குரோமும் கண்ணாடி மாதிரி பெயின்ட்டும் வந்தன. டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோய், டிரெய்லரிலேயே திரும்பக் கொண்டுவரும் நகையாக அது மாறியது. அதைப் பார்த்துக் கடுப்பானவர்கள், கையில் கிடைத்த நாலு வண்டியின் பாகத்தை ஒட்டவைத்து, பிரைமரோடும் துருவோடும் ரோட்டில் இறக்கியதுதான் ராட் ராட். எலி வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் கவர்ச்சி துருவில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் தப்பாகப் படிக்கிறார்கள். நான் கோடு எழுதிச் சம்பாதிக்கிறவன். எனக்கு அது பழைய கோடுபேஸ் மாதிரி. எந்த இடத்தில் யார் எதற்காக எதை மாற்றினார்கள் என்று வரிக்கு வரி தெரியும். இங்கே பணம் இல்லை, அதனால் வேறு வண்டியின் ஆக்ஸில். இங்கே இடம் இல்லை, அதனால் சேஸிஸை அறுத்தோம். முடிவுகள் எல்லாம் வெளியே தெரிகின்றன. பாலிஷ் போட்ட வண்டியில் தெரிவது ஒரே ஒரு முடிவு: செலவு செய்தேன்.

இப்போது அங்கேயும் செயற்கைத் துரு வந்துவிட்டது. புதுத் தகட்டை ரசாயனம் பூசித் துருப்பிடிக்கவைத்து, மேலே கிளியர் கோட் அடித்து விற்கிறார்கள். நம்மூரிலும் அதே வியாதிதான். காபி கடை வாசலில் கிழிந்த சீட்டோடு நிற்கும் புல்லட்டின் கிழிசலுக்கும் தனி பில் உண்டு. இல்லாமையை வேஷமாகப் போட்டுக்கொள்வது பளபளப்பை விட மோசம். பளபளப்பு குறைந்தபட்சம் தன்னைப் பணக்காரன் என்று ஒத்துக்கொள்கிறது.

அப்படியானால் நம்முடைய அசல் எலி வண்டி எது? சென்னையின் மீன்பாடி வண்டி. மூன்று சக்கரத் தள்ளுவண்டிக்குப் பழைய டூவீலர் இன்ஜின். பஞ்சாபில் மோட்டார் சைக்கிளின் பின்பாதியை எடுத்துவிட்டு வண்டித்தட்டு பூட்டிய ரேரி. இவற்றைச் செய்தவர்கள் யாரும் அழகுக்காகச் செய்யவில்லை. புது சரக்கு ஆட்டோ வாங்கக் காசு இல்லை, அவ்வளவுதான். "ஆஹா, என்ன இந்தியப் புத்திசாலித்தனம்!" என்று மேடையில் கைதட்டுவதும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. கடன் கிடைத்திருந்தால் அவர் நல்ல பிரேக் உள்ள வண்டியைத்தான் வாங்கியிருப்பார். அந்த வண்டியை மதிக்க வேண்டும், அதைச் செய்யவைத்த நிலைமையை மதிக்கத் தேவையில்லை.

சட்டம் யாரை மதிக்கிறது? 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பிலிருந்து விலகும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்றது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2021-ல் வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும், அசல் வடிவம் கெடாமல் இருக்க வேண்டும், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். 'விஏ' என்ற எழுத்தோடு தனி நம்பர் பிளேட். ஆனால் தினசரி ஓட்டக்கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். ஷெட்டில் நின்று பழசானால் பாரம்பரியம். உழைத்துப் பழசாகி, உழைப்புக்காக மாறியிருந்தால் குற்றம்.

ஒரிஜினல் பக்தர்களுக்கு நான் காட்ட விரும்பும் இடம் காட்டூரிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை: பொன்மலை ரயில்வே பணிமனை. நீலகிரி மலை ரயிலுக்கு ஓடிய பழைய எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் செய்தவை, நிலக்கரியில் ஓடியவை. பொன்மலைக்காரர்கள் அவற்றில் சிலவற்றை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பிறகு புது இன்ஜின்களையே இங்கே செய்து மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பினார்கள். அந்த ரயில் 2005 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இன்ஜினின் வயிற்றையே மாற்றியவர்களை யாரும் "ஒரிஜினல் போச்சே" என்று திட்டவில்லை. ஓடவேண்டும் என்பதற்காக மாற்றினார்கள், அதனால் ஓடுகிறது. மாற்றமும் பாரம்பரியத்தில் சேர்த்திதான் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட இடம் அது. அப்பாவின் கேரியருக்கு மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை?

இந்த இடத்தில் ஒருவர் கை தூக்குவார்: "பாதுகாப்பு என்னாவது?" நியாயமான கேள்வி. நான் தப்பிக்கப் போவதில்லை. சைக்கிள் பிரேக்கோடு மோட்டார் இன்ஜின் பூட்டிய வண்டி நடந்து போகிறவருக்கு எமன். ஆனால் 'ஒரிஜினலா' என்று கேட்பதும் 'நிற்குமா' என்று கேட்பதும் ஒன்று இல்லை. பிரிட்டனில் வீட்டில் செய்த காரைக்கூட தனி வாகன ஒப்புதல் பரிசோதனைக்குக் கொண்டுபோகலாம். ஜெர்மனியில் மாற்றிய வண்டியை நிபுணர் சோதித்துப் பதிவில் குறித்துத் தருவார். பிரேக்கைச் சோதி, விளக்கைச் சோதி, வெல்டிங்கைத் தட்டிப் பார். தேறினால் விடு. நம்மூரில் பட்டறைக்காரன் கொண்டுபோய் நிறுத்திக் காட்டும்படி சுலபமான, மலிவான ஒரு வாசல் இல்லை. அதனால் நடப்பது என்ன? ஒரு நாள் தடை, மறுநாள் அடங்கல். 2022-ல் பஞ்சாபில் ரேரிகளைப் பிடிக்க உத்தரவு போட்டு, எதிர்ப்பு வந்ததும் சில நாளில் திரும்பப் பெற்றார்கள். அந்த வண்டிகளின் பிரேக் அப்படியேதான் இருந்தது.

ஆக, ரசிகர்களிடம் என் கோரிக்கை சின்னது. பழைய வண்டி கைக்கு வந்தால் முதலில் பிரேக் லைனரை மாற்றுங்கள், டயரை மாற்றுங்கள், ஒயரிங்கைச் சரிபாருங்கள். பெயின்ட்டுக்கு முன்னால் ஒரு மாசம் ஓட்டுங்கள். வண்டியில் புரியாத ஒரு ஓட்டையோ, கூடுதல் கம்பியோ இருந்தால் அதை அறுக்கும் முன் முந்தைய சொந்தக்காரரைக் கேளுங்கள். ஏதோ காரணத்துக்காகத்தான் அதைச் செய்திருப்பார். நான் கேட்கவில்லை. கேட்டிருக்கக்கூடிய ஆள் அப்போது வீட்டிலேயே இருந்தார், டிவி பார்த்துக்கொண்டு.

வண்டியை முதல் தடவை பார்த்தபோது அப்பா "நல்லா இருக்குப்பா" என்று மட்டும் சொன்னார். உட்கார்ந்து பார்க்கவில்லை. இப்போது அது வீட்டில் துணி போர்த்தி நிற்கிறது. கீறல் விழுந்துவிடுமோ என்று நானும் எடுப்பதில்லை, அது என் வண்டி இல்லை என்பதுபோல அவரும் எடுப்பதில்லை.

போன மாசம் மெக்கானிக் அண்ணனிடம் வெல்டிங் செட் இரவல் கேட்டேன். "யாரு பத்தவைக்கப் போறா?" என்றார். நான்தான் என்றேன். சிரித்துவிட்டு, "கோணலாத்தான் வரும். ஆனா மொதல்ல பெயின்ட்ட சுரண்டணும் தம்பி. பெயின்ட் மேல பத்தாது" என்றார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சுரண்டப்போகிறேன். அளவு மட்டும் அப்பாவிடம் கேட்க வேண்டும்.