ஒரே ஆள், இரண்டு பதிவு

ஆசிரியருக்கு,

நெடுந்தீவில் இருக்கும் என் பெரியம்மாவின் சேமிப்புக் கணக்கும் நகை அடகும் ஒரே நிறுவனத்தில்தான். ஆனால் அங்குள்ள கணினிக்கு அவர் இரண்டு ஆட்கள். ஒரு பதிவில் பழைய அடையாள அட்டை இலக்கம், மற்றதில் புதிய 12 இலக்கம். ஆங்கிலத்தில் பெயர் எழுதியதில் ஓர் ‘எச்’ கூடுதல். முகவரி ஒன்றில் நெடுந்தீவு, மற்றதில் அதன் இன்னொரு பெயரான டெல்ப்ட். இதைத் திருத்த அவர் வள்ளமேறிக் குறிகட்டுவான் வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகவேண்டி வந்தது.

பழைய இலக்கத்தின் முன்னால் 19 சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் எண்ணுக்குப் பின் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் வந்துவிடும். இந்தச் சின்னக் கணக்கைக் கணினி செய்யாமல் முதியவர்களை ஏன் அலைக்கழிக்கவேண்டும்?

அதேநேரம், பெயரை மட்டும் பார்த்து இணைத்துவிடவும் கூடாது. பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் ஊர் எங்களுடையது. ஒரே முதலெழுத்தும் ஒரே பெயருமாக ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் பலர் இருப்பார்கள். ஒருவரின் கடன் இன்னொருவரின் தலையில் விழுந்தால், பதிவு பிரிந்திருப்பதைவிட அது பெரிய அநியாயம். பிறந்த திகதி, அட்டை இலக்கம் இரண்டும் ஒத்துப்போகவேண்டும். சந்தேகமானதை ஓர் அலுவலர் உரியவரிடம் கேட்டே முடிக்கவேண்டும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிழையான விபரத்தைத் திருத்தக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. அந்தத் திருத்தத்தை நெடுந்தீவிலேயே, நடமாடும் சேவை வைத்து அந்த நிறுவனம் செய்து தரவேண்டும்.

வாசகர் ஒருவர்,
வேலணை