ஐதரசன் செய்த குற்றம் என்ன?

விடைத்தாளில் 'ஐதரசன்' என்று எழுதினாள் மாணவி ஒருத்தி. சீறிற்று சிவப்பு மை! சுழிக்கப்பட்டது சொல், பறிக்கப்பட்டது மதிப்பெண். "பாடநூலில் 'ஹைட்ரஜன்' என்றன்றோ இருக்கிறது? இஃதென்ன புதுச்சரக்கு?" என்று கேட்டாராம் திருத்தியவர். "தமிழ் விக்கிப்பீடியாவில் படித்தேன்" என்றாளாம் அவள். வகுப்பே நகைத்ததாம். தென்காசியில் ஆசிரியப் பணி புரியும் என்னிடம் கலங்கிய கண்ணோடு வந்து, "எது சரி, ஐயா?" என்றாள்.

எது சரி? சின்னஞ்சிறு வினா. ஆனால் தமிழகமே விடையிறுக்க வேண்டிய வினா!

2003ஆம் ஆண்டில் தொடங்கிற்று தமிழ் விக்கிப்பீடியா. அரசன் ஈந்த மானியமில்லை, ஆதீனத்தின் அருளில்லை, எழுதுவோர்க்குக் கூலியுமில்லை! ஈழத்து மயூரநாதன் தொடக்க நாளிலிருந்தே எழுதிக் குவித்தார். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் உள்ள தமிழர் தோள் கொடுத்தனர். 2017இல் கட்டுரைகள் ஓர் இலட்சத்தைத் தாண்டின. அங்கே எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். திருத்தியது எது, எந்நாள், எந்நேரம் என்பது அழியாமல் பதிவாகும். ஐயம் எழுந்தால் உரையாடல் பக்கம் உண்டு. ஊர்ப்பொது வழக்குக்கு 'ஆலமரத்தடி' என்றே ஓரிடம் உண்டு.

அங்கே நடந்த வழக்குகளுள் தலையாயது கிரந்த எழுத்து வழக்கு. ஜ, ஷ, ஸ, ஹ தமிழுக்குத் தேவையா? வடசொல் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை வாயிலிலேயே விட்டுவர வேண்டும் என்று விதித்தவர் தொல்காப்பியர். "பழகிவிட்ட எழுத்தை விலக்கினால் படிப்போர் திகைப்பரே!" என்பது எதிர்வாதம். ஈழத்துப் பாடநூல் 'ஐதரசன்', 'ஒட்சிசன்' என்கிறது. நம் பாடநூல் 'ஹைட்ரஜன்', 'ஆக்சிஜன்' என்கிறது. விக்கிப்பீடியாவிலோ 'ஐதரசன்', 'ஆக்சிசன்'! வாதாடினர், வருந்தினர், வழிகண்டனர், மீண்டும் வாதாடினர்.

"ஓர் எழுத்துக்கு இத்தனை பூசலா?" என்று ஏளனம் பேசுவோரே, கேளீர்! அக்கிராசனர் தலைவரானதும், அபேட்சகர் வேட்பாளரானதும், காரியதரிசி செயலாளரானதும் பூசலின்றியா நடந்தன? அன்றும் நகைத்தீர்கள். இன்று அந்தச் சொற்களால்தான் அழைப்பிதழ் அச்சடிக்கிறீர்கள்! பெரியார் 1935இல் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தம் 'குடிஅரசு' ஏட்டிலே நடைமுறைப்படுத்தினார்; அரசு அதனை ஏற்றது 1978இல். இடையே நாற்பத்து மூன்று ஆண்டுகள்! ஆணை வரட்டும் என்று அவர் காத்திருந்தாரா?

"கற்றறிந்த பெரியவர் ஒருவர் முடிவு செய்யட்டுமே!" என்பர் வேறு சிலர். குற்றாலத்தார்க்கு இதற்கு விடை தெரியும். 1954இல் மறைந்த இரசிகமணி டி.கே.சி. கம்பனிடம் காதல் கொண்டவர். அக்காதலாலேயே, சுவை ஒன்றை உரைகல்லாகக் கொண்டு பாடல்களைக் கழித்தார், சொற்களை மாற்றினார். "ஏட்டுச் சான்று எங்கே?" என்று கேட்டனர் புலவர். பெரியவர் என்பதால் வினா மறைந்ததா? மறையவில்லை. பெருமை வேறு, சான்று வேறு!

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருவர் பெயரிலிருந்த 'ஜ'வை வெட்டி 'ச' ஆக்கினேன். மீண்டும் பழையபடி ஆக்கினார் முகமறியாத ஒருவர். கொதித்தெழுந்தேன், இனத்துரோகம் என்று எழுதினேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "அவர் தம் கையொப்பத்தை எப்படி இட்டார்?" வாயடைத்துப் போனேன். தனிமத்தின் பெயரையும் நாட்டின் பெயரையும் தமிழ் ஒலிக்கு இசைவிக்கக் காரணம் உண்டு. ஒருவர் தாமே எழுதிய பெயரைத் திருத்த நான் யார்? மேடையில் கிடைக்கும் கைதட்டல் அங்கே கிடைக்காது, தோழர்களே! காரணம் கேட்பார்கள், காட்ட வேண்டும். பகுத்தறிவு என்று நாம் முழங்குவது இதைத்தானே?

ஆகவே குற்றவாளி யார்? ஐதரசனா? அன்று! அந்தச் சிறுமியா? அன்றே அன்று! பாடநூல் எழுதுவோர் ஒரு கரையில், கலைக்களஞ்சியம் எழுதுவோர் மறுகரையில். நடுவிலே பிள்ளைகள் தவிக்கப் பார்த்திருந்த நாம்தாம் குற்றவாளிகள்! இரு கரையினரும் ஒரே ஆலமரத்தடியில் அமர வேண்டும். ஒரு பொருளுக்கு இரு பெயர் வழங்கினால் இரண்டையும் பாடநூலிலே அச்சிட வேண்டும். அதுவரை, பொருளறிந்து எழுதிய பிள்ளையின் மதிப்பெண்ணில் கைவைக்காதிருக்க வேண்டும்.

சாரல் காலத்தில் பேரருவிக் கரையிலே குடை பிடித்து நின்று, "நீர் கலங்கல்! அந்தக் காலத்துக் குற்றாலம் வருமா!" என்று அலுத்துக்கொள்வோரைக் கண்டிருக்கிறேன். நனையாதவர்க்கு நீரின் குளிர்ச்சி எங்கே தெரியும்? தமிழாசிரியரே, அறிவியல் ஆசிரியரே, குடையை மடக்குங்கள்! திங்களுக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள். பிழை கண்டால் திருத்துங்கள். உம்மைத் திருத்தினால் காரணம் கேளுங்கள்.

"இரண்டும் சரி, அம்மா. ஏன் என்பதை நாளை வகுப்பிலே பேசுவோம்" என்றேன் அவளிடம். பேசினோம். அன்று எவரும் நகைக்கவில்லை!